கழுதைமுதுகுக்கு வேண்டிய மூன்று மீட்டர்

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் கண்ணாடிக்கடைக்காரி தன் கணவரை ஒரே ஒரு விஷயத்தில்தான் முந்தியிருந்தாள். ஆனால் அந்த ஒன்றை அவரை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷமாகட்டும், மருத்துவமனை வரிசையாகட்டும், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "எனக்கு எழுபத்திமூணு, இவருக்கு எழுபத்திரெண்டு" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் எழுந்து வரமாட்டாள். கேட்டவர்கள் வயதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று வாயைப் பிளப்பார்கள். டைல்ஸ்காரரான அவள் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

அவள் சொன்னது மலைக்கணக்கு.

குன்றேறிகள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. மூடிப்போன ஓர் அச்சகத்தின் மாடியில் கூடுவார்கள். ஏறத்தாழ ஒரு டஜன் பேர். மழை பெய்தால் அதிலும் பாதி. விடுமுறை நாளில் மலை ஏறுவது, மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஏறியது மலைதானா என்று சண்டை போடுவது, இவ்வளவுதான் சங்கத்தின் வேலை. சிரிக்காதீர்கள். எது மலை என்பது அவ்வளவு லேசுப்பட்ட கேள்வி இல்லை. உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அண்ணன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான்தான் இந்த வீட்டில் உயரம் என்று ஒரு பொடியன் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள் இல்லையா? சங்கமும் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே சங்கம் உயரத்தைப் பார்க்காது, இறக்கத்தைப் பார்க்கும். ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறீர்கள். அதைவிட உயரமான இன்னொரு மலைக்கு நடந்தே போக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் கொஞ்சமாவது கீழே இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். இருப்பதிலேயே குறைவாக இறங்கும் வழியில் எவ்வளவு இறங்குகிறீர்களோ, அதுதான் அந்தக் குன்றின் இறக்கம். நூறு மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது மலை, பட்டியலில் இடம் உண்டு. ஒரு மீட்டர் குறைந்தாலும் அது பக்கத்து மலையின் தோள். தோளில் ஏறினால் கணக்கில் வராது, வியர்வைதான் மிச்சம்.

இந்தப் பட்டியலுக்குச் செயலாளர் நம்முடைய கண்ணாடிக்கடைக்காரி. அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. கடையில் காலையிலிருந்து அவள் செய்வதே, இரண்டு கருவிழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பதுதான். கடையின் பின்னறையில், லென்ஸில் கீறல் பார்க்கும் பெரிய பூதக்கண்ணாடி விளக்கு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதன் அடியில் வரைபடத்தை விரித்து, மலைகளின் சம உயரக் கோடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணுவாள். வாடிக்கையாளர் வந்துவிட்டால் முகத்தில் ஓர் எரிச்சல் தெரியும். கண்ணாடி வாங்க வந்தவன் கண்ணாடிக் கடைக்குள் வந்ததற்கே மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும்.

எழுபத்திரண்டு மலைகளைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏறினார்கள். எழுபத்திமூன்றாவது கழுதைமுதுகு. பெயரைப் பார்த்து எடை போட வேண்டாம். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் உதை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்புவதாக இருந்தது. காலையில் டைல்ஸ்காரருக்கு ஒரு போன் வந்தது. முந்தின நாள் ஒட்டிய குளியலறைத் தரையில் தண்ணீர் வடியாமல் குளம் கட்டி நிற்கிறதாம். "நீ வேணா போயேன்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் நிஜமாகவே போய்விட்டாள்.

அதுவரை அவள் தனியாக எங்கும் போனதில்லை. கடைக்கு, வங்கிக்கு எல்லாம் போயிருக்கிறாள். அதெல்லாம் போவதில் சேராது. அன்றைக்குப் பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. உச்சியில் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. செருப்புக்கடைக்காரன் வழுக்காது என்று சத்தியம் செய்து விற்ற காலணி நான்கு தடவை வழுக்கியது. உச்சிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்டால் இன்று வரை சொல்லமாட்டாள். வீடு இருவர் பேரில், வங்கிக் கணக்கு இருவர் பேரில், மகள் இருவருக்கும் பொது, பற்பசை கூட ஒன்றுதான். அந்தக் கழுதைமுதுகு மட்டும் அவளுடையது.

அடுத்த மாதமே கல்குவாரிக்காரர்கள் மலையைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். டைல்ஸ்காரர் தலைகீழாக நின்றாலும் இனி அதில் ஏற முடியாது. அவள் எழுபத்திமூன்று, அவர் எழுபத்திரண்டு. பட்டியலில் மிச்சமிருந்தவை எல்லாம் இரண்டு நாள் பயணத்துக்கு அப்பால். கடையையும் வேலையையும் போட்டுவிட்டுப் போக முடியாமல் இருவரும் அந்தந்த எண்ணிலேயே நின்றார்கள்.

இப்படி இருக்கும்போது நில அளவைக்காரர்கள் புது வரைபடம் வெளியிட்டார்கள். பழையதில் இருபது மீட்டருக்கு ஒரு கோடு என்றால் இதில் இரண்டு மீட்டருக்கு ஒன்று. உச்சியிலும் சாலையிலும் உயரத்தைக் கருவி வைத்து அளந்து எண்ணாகவே போட்டிருந்தார்கள். சங்கத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஓய்வுபெற்ற மயக்க மருந்து டாக்டர். அவர் பேச ஆரம்பித்தால் மருந்தே தேவையில்லை என்பது சங்கத்துக்குள் வழக்கமான கிண்டல்.

"இதுவரைக்கும் நாம குத்துமதிப்பாத்தான் சொல்லிட்டிருந்தோம். இனி அந்தப் பேச்சே கிடையாது. பட்டியல்ல இருக்கிற அத்தனையையும் மறுபடி அளக்கறோம். செயலாளரம்மா, எதுல ஆரம்பிக்கலாம்?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டைல்ஸ்காரர் எழுந்தார். வாயெல்லாம் பல்.

"கழுதைமுதுகுல ஆரம்பிங்க. எனக்கு அந்த மலைமேல ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "உங்க சந்தேகம் மலைமேலயா, எம்மேலயா?" என்று கேட்டாள்.

"மலைமேலதாம்மா. உம்மேல சந்தேகப்பட எனக்கு ஏது தைரியம்?"

மறுநாள் மதியம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து விளக்கின் கீழ் புது வரைபடத்தை விரித்தாள். கழுதைமுதுகின் உச்சியில் ஓர் எண். அதையும் பக்கத்துப் பெரிய மலையையும் இணைக்கும் தாழ்ந்த இடத்தில், அந்த வழியே ஓடும் சாலையின் மேல் இன்னோர் எண். அதிலிருந்து இதைக் கழித்தாள். தொண்ணூற்றேழு வந்தது. மறுபடி கழித்தாள். கழித்தல் கணக்கு யாருக்காகவும் மாறாது. கால்குலேட்டரில் போட்டாள், அதற்கும் இரக்கமில்லை.

கண்ணாடியில் ஒரு மூக்குப்பிடி மாற்ற வந்திருந்த பெண்மணி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். முகம் அப்படித் தொங்கிப்போயிருந்தது.

வேறு யாரிடமும் சொல்லத் தோன்றாமல் வெளியூரில் படிக்கும் மகளுக்குப் போன் செய்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, அந்த மலை அங்கயேதானே இருக்கு? நீ ஏறினதும் ஏறினதுதானே? அப்புறம் என்ன?" என்றாள். படித்த பிள்ளை, நியாயமாகத்தான் பேசினாள். நியாயம் பேசுகிறவர்களிடம் அழ முடியாது. "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வரைபடத்தை விடவில்லை. கணவரிடம் மூச்சு விடவில்லை. அவர் சாப்பிடும்போது "என்ன, கழுதை எப்படி இருக்கு?" என்று சீண்டினார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் சீண்டலைக் கொஞ்சம் குறைத்தார். அதற்கடுத்த நாள் சீண்டவே இல்லை.

வெள்ளிக்கிழமைதான் அவள் கண்ணில் அது பட்டது. அந்தத் தாழ்ந்த இடத்தில் சம உயரக் கோடு இரண்டு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல, பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடின. மலைக்கு நேர்கோடு போடத் தெரியாது. நேர்கோடு என்றால் அது மனுஷன் வேலை. சாலை போட்டவர்கள் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தார் போட்டிருக்கிறார்கள். வரைபடம் அந்த மேட்டின் உயரத்தைத் தரையின் உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சங்கத்தின் விதியோ தெளிவானது. மனிதன் கொட்டிய மண் கணக்கில் வராது, கடவுள் போட்ட தரைதான் கணக்கு. மேட்டின் உயரம் மூன்று மீட்டர் இருந்துவிட்டால் போதும், தொண்ணூற்றேழும் மூன்றும் நூறு. கழுதைமுதுகு பிழைத்துவிடும்.

"ஏங்க! ஞாயித்துக்கிழமை வேலை எதுவும் வச்சுக்காதீங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர் வந்திருந்தது. "உங்க நீளமான டேப்பை எடுத்து வைங்க. கழுதையை அளக்கப் போறோம்."

விஷயத்தை முழுக்கக் கேட்ட டைல்ஸ்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். "மூணு மீட்டர் இல்லேன்னா?"

"இருக்கும்."

"இல்லேன்னா?"

"இருக்கும்னு சொல்றேன்ல!"

அவர் டேப்பைத் தேடப் போய்விட்டார்.

வேலிக்கு வெளியேதான் அந்தச் சாலை. மேட்டுக்கு அடியில், அந்தப் பக்கத்து ஆட்கள் குறுக்கே நடந்துபோக ஒரு சின்னப் பாலம் விட்டிருந்தார்கள். அதனடியில் தரை வெறும் பாறை. யாரும் வெட்டியதுமில்லை, கொட்டியதுமில்லை. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மேலே கைப்பிடிச்சுவர் ஓரிடத்தில் உடைந்திருந்தது. டைல்ஸ்காரர் அங்கே மண்டியிட்டு, டேப்பின் நுனிக் கொக்கியைச் சாலை மட்டத்தில் பிடிப்பது. டேப் பெட்டியோடு கீழே நிற்கும் அவள், பாறையைத் தொடும் இடத்தில் எண்ணைப் படிப்பது. இப்படி ஏற்பாடு.

"புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சாச்சு!"

"தார் மட்டத்துல?"

"தார் மட்டத்துலதாம்மா! எனக்கே பாடம் எடுக்கறியா?"

அவள் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் பார்த்தாள். மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

அந்தப் பாலத்துக்கடியில் அவள் போட்ட கூச்சலில் இரண்டு புறா பறந்தது. குதித்ததில் தலை பாலத்தில் இடித்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை. "மூணு பத்து! கேட்டுச்சா? மூணு பத்து! நூறைத் தாண்டியாச்சு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு! ஊருக்கே கேட்டிருக்கும்!" என்று மேலிருந்து குரல் வந்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "சரி, எழுதிக்கோ. வா, போலாம். பசிக்குது."

"இருங்க, கை மாத்தி அளக்க வேணாமா?"

அதுவும் சங்கத்து வழக்கம். எதையும் ஒரு தடவை அளந்தால் அளந்ததாகாது. மேலே நின்றவர் கீழேயும் கீழே நின்றவர் மேலேயும் மாறி இன்னொரு தடவை அளக்க வேண்டும். அவளே வற்புறுத்திக் கொண்டுவந்த வழக்கம்தான்.

"அதெல்லாம் எதுக்கு? நம்ம ரெண்டு பேருக்குள்ள என்ன?"

"கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? எறங்குங்க."

"முட்டி வலிக்குதுடி."

"மூணு மாடிக்கு சிமென்ட் மூட்டை தூக்கறப்ப வலிக்காத முட்டி!"

முனகிக்கொண்டே இறங்கினார். அவள் டேப் பெட்டியைக் கையோடு மேலே கொண்டுபோய், உடைந்த இடத்தில் மண்டியிட்டு, கொக்கி நுனியைக் கீழே விட்டாள். அவர் அதைப் பிடித்துப் பாறையில் அழுத்தினார். அவள் டேப்பை இறுக்கி, தார் மட்டத்தில் விரலை வைத்து, எண்ணைப் பார்க்கக் குனிவதற்குள் கீழேயிருந்து கணீரென்று சத்தம் வந்தது.

"மூணு பத்து!"

அவள் விரல் இருந்த இடத்தில் இரண்டு மீட்டர் எழுபத்தொன்பது என்று இருந்தது.

அவளுக்கு முதலில் எண் உறைக்கவில்லை. அவர் சொன்னதுதான் உறைத்தது. டேப்பின் எண்ணெல்லாம் அவள் கையில் இருக்கிறது. அவர் கையில் இருப்பது வெறும் கொக்கி, பூஜ்யம்.

"ஏங்க!"

"என்னம்மா?"

"நம்பர் எங்கிட்ட இருக்கு. அங்க நீங்க எந்த மூணு பத்தைப் பாத்தீங்க?"

ஒரு லாரி அவளைக் கடந்து போனது. அதன் புழுதி அடங்கியும் அவர் வெளியே வரவில்லை.

கடைசியில் வந்தார். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி திருதிருவென முழித்துக்கொண்டு, முட்டியிலிருந்து இல்லாத மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"மொதத் தடவை கையைத் தூக்கிப் புடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? ஒரு அடி! ஒரு பல்லி நடந்தா தரை சாய்ஞ்சிருச்சுன்னு கண்டுபுடிக்கற மனுஷன் நீங்க. அடுத்தவன் ஒட்டின தரையில தீப்பெட்டி கனம் ஏறி இருந்தா அவன் மானத்தை வாங்குவீங்க. ஒரு அடி தூக்கிப் புடிச்சிருக்கீங்க!"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?" டைல்ஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம். "நான் ஒரு விளையாட்டுக்குச் சொன்னேன். நீ மல்லுக்கு நிப்ப, நாலு பேரு சிரிப்பாங்கன்னு பாத்தேன். நீ என்னடான்னா நிஜமாவே பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு உக்காந்துட்ட. ஒரு வாரமா வீட்டுல மனுஷன் இருக்க முடியல. உன் மலையைப் புடுங்கி நான் எங்க வைக்கப் போறேன்? எனக்கு எதுக்கு அது?"

"அப்ப ஏன் எழுந்து கேட்டீங்க?"

"வயித்தெரிச்சல்தான். ஒன்பது வருஷ வயித்தெரிச்சல். அதுக்காக அது இல்லாமப் போகணும்னு நெனைப்பேனா?" கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "எவன் டேப்பைத் தூக்கிக்கிட்டு இங்க வரப்போறான்? மூணு பத்துன்னு எழுதிடு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். 

எழுதிவிடலாம். அவளுக்கு அந்த ஆசை நெஞ்சு முட்ட வந்தது. ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. வேலிக்கு உள்ளே கழுதைமுதுகு வெயிலில் படுத்திருந்தது. மழையில் அவள் பிடித்துக்கொண்டு நின்ற உச்சிக்கல் இங்கிருந்து ஒரு மிளகளவு தெரிந்தது. எழுதினால் அது மலையாகவே இருக்கும். ஆனால் இனி எழுபத்திமூன்று என்று வாயெடுத்துச் சொல்லும்போதெல்லாம், அந்த மூன்று, இந்த மனுஷன் மண்டியிட்டுத் தூக்கிப்பிடித்த கையின்மேல் நிற்கும். அவர் பாவம், கை வலிக்க வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அழுகை வந்தது. சட்டென்று வந்த அழுகை, மறைக்கவெல்லாம் நேரமில்லை.

"ரெண்டு எழுபத்தொன்பது" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். "கையெழுத்துப் போடுங்க."

"போடமாட்டேன்" என்றார் டைல்ஸ்காரர். போட வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த மாதக் கூட்டத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் வந்திருந்தார்கள். செயலாளர் எழுந்து அறிக்கை வாசித்தாள். புது அளவின்படி மலை என்ற தகுதியை இழப்பவை மூன்று. புதிதாகச் சேர்வது ஒன்று: பக்கத்து மலையின் தோள் என்று இத்தனை காலம் எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த தொப்பைக்குன்று. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் பள்ளம் பழைய வரைபடம் சொன்னதைவிட நல்ல ஆழம் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. இழப்பவற்றில் இரண்டை, ஒருவரும் ஏறாத தூரத்து மலைகளை, முதலில் வாசித்தாள். மூன்றாவதற்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கழுதைமுதுகு. தொண்ணூத்தொன்பது மீட்டர் எழுபத்தொன்பது சென்டிமீட்டர். இருபத்தொரு சென்டிமீட்டர் குறைவு. நீக்கப்படுகிறது."

ஒரு சாண் கூட இல்லாத அந்தக் குறைச்சலைக் கேட்டு யாரோ 'ச்சூ' கொட்டினார்கள்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் மயக்க டாக்டர். தயங்கித் தயங்கி ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அவளுடைய கையும்தான். "எதிர்ப்பு யாரும் இல்லையே?"

ஒரு கை எழுந்தது. சிமென்ட் படிந்து நகம் வெளுத்த கை.

"நீங்களா!" டாக்டருக்குக் கண்ணாடி நழுவியது. "யோவ், கேட்டதே நீங்கதானே?"

"நான்தான் கேட்டேன். இப்ப எதிர்க்கறேன்."

"அளந்தப்ப கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட வச்சா."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "காரணம்னு ஒண்ணு சொல்லணுமே" என்றார் டாக்டர்.

டைல்ஸ்காரர் எழுந்து நின்றார். கூட்டத்தில் நாலு வார்த்தை கோத்துப் பேசத் தெரியாத மனிதர். "காரணம் என்னன்னா, இவ அதுல தனியா ஏறினா. மழையில. நாங்கூட இல்ல. திரும்பி வந்தப்ப, மலை எப்படி இருந்துச்சுன்னு கேக்காம, வண்டியைப் பூட்டினியான்னு கேட்டேன். அதை இருபத்தொரு சென்டிமீட்டர்ல இல்லேன்னு சொல்றதுக்கு நான் கை தூக்கமாட்டேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. "அது விதியில செல்லாதேப்பா" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "செல்லாதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் டைல்ஸ்காரர்.

எதிர்ப்பு ஒன்று என்று செயலாளர் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிப்போனது. வண்டியைப் பூட்டினாயா என்று கேட்டதை அவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஆக, இருவருக்கும் எழுபத்திரண்டு. வீட்டுக்கு வரும் வழியில் டைல்ஸ்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே இரண்டு தடவை கனைத்தார்.

"அந்தத் தொப்பை இருக்கு பாரு. ரெண்டு மணிநேரத் தூரந்தான். நீ மட்டும் போய் ஏறிட்டு வாயேன். நான் வீட்டுல இருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா. உனக்கு ஒண்ணு கூட இருக்கட்டுமேன்னு."

"பொறந்தநாள் பரிசா?" அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "டேப்பைத் தூக்கிப் புடிக்கறதும் இதுவும் ஒண்ணுதான். வேணாம். போனா ரெண்டு பேரும் போவோம்."

"நல்லதுக்குக் காலமில்லை" என்று முனகிக்கொண்டு அவர் கியரை மாற்றினார்.

அடுத்த புதன்கிழமை காலையில் அவர் ஒரு வீட்டுச் சமையலறைத் தரை வேலைக்குக் கிளம்பிப்போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கடைக் கதவில் "இன்று விடுமுறை" என்று அட்டையை மாட்டினாள். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அதைப் படிக்க முடியாமல் கதவைத் தட்டுவார்கள். தட்டட்டும். பழைய காலணியைத் தூக்கி வண்டியில் போட்டாள்.

தொப்பைக்குன்றில் ஏறுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முள்ளும் சரளையும் வெயிலும்தான். பாதை என்று ஒன்று இல்லாததால் இரண்டு தடவை தப்பாகப் போனாள். ஒரு தடவை உட்கார்ந்தபடியே சறுக்கி, பாவாடையைக் கிழித்துக்கொண்டு, சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். பார்க்க ஓர் ஈ காக்கை இல்லை. உச்சியில் போன் கோபுரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் விளக்கின் கீழ் கோடு கோடாக எண்ணிய பள்ளம் அங்கே நிஜமாகவே ஆழமாக, அடியில் கொஞ்சம் பச்சையோடு கிடந்தது. நான் சொன்னேனே என்று அதைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, போனை எடுத்தாள்.

"சொல்லு" என்றார். பின்னணியில் டைல்ஸ் வெட்டும் மெஷின் அலறியது.

"நான் தொப்பை மேல நிக்கறேன்."

மெஷின் நின்றது.

"எங்க?"

"தொப்பைக்குன்று. உச்சியில."

"யார்கூட?"

"யாரும் இல்ல."

"காலையில எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொல்லியிருந்தா விட்டுக்குடுத்துடுவீங்க."

அப்புறம் காது கிழிந்தது. "அடிப்பாவி! ஏமாத்துக்காரி! கூடவே இருந்து இப்படிப் பண்ணிட்டியே! இரு, ஞாயித்துக்கிழமை நான் வந்து ஏறி சமம் பண்ணலைன்னா என்னன்னு கேளு!"

"தாராளமா வாங்க. முள்ளு ஜாஸ்தி, பழைய பேன்ட்டா போட்டுட்டு வாங்க."

"எப்படி இருக்கு?"

"என்னது?"

"மலைதான். மலை எப்படி இருக்கு?"

அவள் சொன்னாள். முள்ளை, சரளையை, சறுக்கியதை, பள்ளத்தின் அடியிலிருந்த பச்சையை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். இது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. முடித்ததும், "சரி, பாத்து எறங்கு" என்றார்.

அவசரத்தில் போனைத் துண்டிக்க மறந்து சட்டைப்பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து, வீட்டுக்காரர் யாரிடமோ, அவர் குரல் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க. இல்ல சார், தரைக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. எம் பொண்டாட்டி ஒரு மலை ஏறியிருக்கா சார். தனியா. யாருகிட்டயும் சொல்லாம, தனியா போய் ஏறியிருக்கா."

அவள் கோபுரத்தின் அடிமேடையில் உட்கார்ந்து, அவர் அதை இன்னொரு தடவை சொல்வதையும் கேட்டாள்.